மூன்று மணிக்கு எழுப்பும் மூளை

விடியற்காலை மூன்று மணி. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, 46 வயதுப் பெண் ஒருத்தி எழுந்து உட்காருகிறாள். பின்கழுத்தும் முதுகும் வியர்த்து, ரவிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கெட்ட கனவு எதுவும் இல்லை. ஏதோ நடக்கப்போகிறது என்ற பயம் மட்டும் வயிற்றைப் பிசைகிறது. மறுநாள் எடுத்த ஈசிஜி சரியாகவே இருக்கிறது. "மனசைப் போட்டு அலட்டிக்காதீங்கம்மா" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

அவள் அலட்டிக்கொள்ளவில்லை. மாதவிடாய் நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் தடுமாறத் தொடங்கிவிடும். சீராக இறங்கினால் உடல் பழகிக்கொள்ளலாம்; இதுவோ ஒரு மாதம் எகிறும், அடுத்த மாதம் சரியும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர் நயோமி ரான்ஸ், மாதவிடாய் நின்ற பெண்களின் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பகுதியில் சில நரம்பணுக்கள் பருத்திருப்பதைக் கண்டார். அதுவரை ஈஸ்ட்ரோஜன் அடக்கிவைத்திருந்தவை அவை. அடக்க ஆளில்லாதபோது நியூரோகைனின் பி என்ற வேதிப்பொருளைக் கூடுதலாகச் சுரந்து, உடல் சூட்டைக் காக்கும் பகுதியை உசுப்பிவிடுகின்றன. பிறகு சூடு கடுகளவு ஏறினாலே போதும்: தோலின் ரத்தக்குழாய்கள் விரியும், வியர்த்துக் கொட்டும், இதயம் வேகமெடுக்கும். இந்தப் பாதையை மறிக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற மருந்து 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பயந்தாலும் உடல் கிட்டத்தட்ட இதையேதான் செய்கிறது. எனவே, தூக்கம் கலைந்த மூளை இந்தப் படபடப்புக்கு ஒரு காரணம் தேடுகிறது என்றே நினைக்கிறேன். அந்த வயதில் காரணங்களுக்கா பஞ்சம்? மகளின் கல்லூரிக் கட்டணம், படுத்த படுக்கையான மாமியார், அடைபடாத நகைக்கடன்.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. புரோஜெஸ்டிரோனிலிருந்து மூளைக்குக் கிடைக்கும் அல்லோபிரெக்னனோலோன் பதற்றத்தைத் தணிப்பது. கருமுட்டை வெளிவராத மாதங்களில் அது குறைந்துபோகிறது.

என்னை வியக்கவைத்தது ஸ்வான் ஆய்வு. 1996இல் அமெரிக்காவில் தொடங்கி, 42 முதல் 52 வயது வரையிலான மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. முன்பே பதற்றம் அதிகம் இருந்தவர்களுக்கு, மாதவிடாய் நிற்கும் கட்டத்தால் பெரிய மாற்றமில்லை. முன்பு பதற்றம் குறைவாக இருந்தவர்களுக்குத்தான் இந்தக் கட்டத்தில் அது கூடியது. 'நான் இப்படிப்பட்டவளே இல்லையே' என்று ஒரு பெண் சொன்னால், தயவுசெய்து நம்புங்கள்.

இரவில் இந்தப் படபடப்பு வரும்போது, மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டால் இதயத்துடிப்பு இறங்கும். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே வேடத்தில் வரும். அதிக உதிரப்போக்குள்ள இந்த வயதில் அவற்றுக்கான இரண்டு பரிசோதனைகளையும் தள்ளிப்போடக் கூடாது. நெஞ்சுவலியோ மயக்கமோ இருந்தால் உடனே இதய மருத்துவரிடம் போக வேண்டும். மற்றபடி, காலண்டரில் மாதவிடாய்த் தேதிக்குப் பக்கத்திலேயே படபடப்பு வந்த இரவுகளையும் குறித்துக்கொண்டு மகளிர் நல மருத்துவரிடம் காட்டலாம். ஹார்மோன் சிகிச்சை பொருந்துமா, மனநல ஆலோசனை போதுமா என்ற பேச்சை அந்தத் தாளிலிருந்தே தொடங்க முடியும்.