படலையை விட்டு வராத அம்மா

புதுக்குடியிருப்புப் பக்கம் நான் போய்வரும் வீடொன்றில் 78 வயது அம்மா ஒருவர் தனியே இருக்கிறார். சென்ற மாரியில் இரவு மலசலகூடத்துக்குப் போகும்போது வழுக்கி விழுந்துவிட்டார். நல்லகாலம், எலும்பு முறியவில்லை. வவுனியாவுக்குக் கூட்டிப்போக மகள் வந்து நின்றார்.

“நான் வரமாட்டன் பிள்ளை. 2009இல காணாமல்போனவன் வந்தால் இந்தப் படலைக்குத்தானே வருவான்” என்றார் அம்மா.

அதற்குமேல் மகளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பிறகு மூவருமாக அந்த வழியை நடந்து பார்த்தோம். சகோதரிகளே, உங்கள் வீட்டு முதியவர் இரவில் போகும் வழியை நீங்களும் ஒருதடவை விளக்கில்லாமல் நடந்து பாருங்கள். இடுப்பளவு உயரத்தில் கம்புக் கைபிடி கட்டினோம். மலசலகூடச் சுவரில் மேசன் ஒரு குழாய் பதித்துத் தந்தார். இரவுக்கு மூடியுள்ள வாளியொன்று கட்டிலருகே வைத்தோம். வாசலில் கிடந்த சாக்கை எடுத்தோம். கால் தடக்குவது அதில்தான். பிரஷர்க் குளிசை குடிப்பவர் சடாரென எழும்பினால் தலை சுற்றும். சற்றுநேரம் கட்டிலில் இருந்துவிட்டு எழும்பச் சொன்னேன். இலவச அம்புலன்சுக்கான 1990ஐச் சுவரில் கரியால் பெரிதாக எழுதினோம்.

கிணற்றடியில்தான் சண்டை. அயல்வீட்டுப் பிள்ளை அள்ளித் தரட்டும் என்றேன்.

“பூக்கண்டுக்கு ஆர் ஊத்திறது?”

பகலில் மட்டும், அரைவாளி மட்டும் என்று ஒருவாறு சம்மதித்தார்.