சாவி மட்டும் போதாது!

புது மருமகளுக்குப் புக்ககத்தில் முதலில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள்? சாம்பாருக்கு எத்தனை உப்பு, பால்காரன் எத்தனை மணிக்கு வருவான், சுவாமி விளக்கை எப்போது ஏற்றுவது - இவைதாம் வழக்கம். என் மாமியார் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே வேறு.

"ஏம்மா, காலையிலே வண்டியைக் கிளப்பும்போது சோக்கை முழுக்க இழு. எஞ்சின் சூடு பிடித்ததும் மெள்ள உள்ளே தள்ளிவிடு. மறந்துபோய் அப்படியே ஓட்டினால் பெட்ரோலும் பாழ், பிளக்கும் கரி!"

வண்டி என்பது 1976-ல் வாங்கிய பிரீமியர் பத்மினி. 1964-ல் 'ஃபியட் 1100 டிலைட்' என்ற பெயரில் பம்பாயில் தயாராகத் தொடங்கிய வண்டிதான், 1974-ல் பத்மினி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1,089 சி.சி. எஞ்சின். கியர் தரையில் இராது; ஸ்டியரிங் சக்கரத்துக்குக் கீழேயே இருக்கும். அந்த நாளில் கார் வேண்டுமென்றால் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். என் மாமனாரும் காத்திருந்துதான் வாங்கினார். நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். வண்டி என் கணவருக்கு வந்தது. சாவி வந்ததே தவிர, வண்டியின் சுபாவம் அவருக்குப் பிடிபடவில்லை.

கூஜாத் தண்ணீர் வைத்தியம்

கல்யாணமான முதல் சித்திரையில் திருத்தணிக்குப் புறப்பட்டோம். உச்சி வெயில். பாதி வழியில் இரண்டு முறை திக்கி, வண்டி நின்றுவிட்டது. என் கணவர் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, பரீட்சைத் தாளைப் பார்க்கும் மாணவனைப் போல் விழித்தார். மாமியார் நிதானமாக இறங்கினார். கூஜாவிலிருந்த குடிதண்ணீரில் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து, "இதை அந்தப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றுடா" என்றார். கால் மணி கழிந்தது. வண்டி கிளம்பிவிட்டது!

மந்திரம் ஒன்றுமில்லை. இந்த வண்டியில் பெட்ரோல் பம்ப், எஞ்சினின் பக்கவாட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. சூடு ஏறினால் உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகிறது. பம்ப் ஆவியை இழுக்கிறதே ஒழிய, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போய்ச் சேருவதில்லை. பம்ப் குளிர்ந்தால் எல்லாம் சரி.

"உங்களுக்கு எப்படித் தெரியும், அத்தை?" என்று கேட்டேன்.

"முப்பது வருஷம் பக்கத்து சீட்டிலே சும்மாவா உட்கார்ந்திருந்தேன்?" என்றார்.

சலவைக் கணக்கின் பின்பக்கம்

வீட்டுக்கு வந்ததும் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். முன்பக்கத்தில் பால் கணக்கு, சலவைக் கணக்கு. பின்பக்கத்தில் வண்டிக் கணக்கு. எஞ்சின் ஆயில் மாற்றிய தேதி, அன்று வண்டி ஓடியிருந்த கிலோமீட்டர், பாயிண்டை உப்புக் காகிதத்தால் தேய்த்த நாள், பாட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் விட்ட நாள் - எல்லாம் முத்து முத்தான எழுத்தில். மாமனார் சொல்லச் சொல்ல எழுதியவர் அவர்தான்.

அந்த நோட்டுக்கு உண்மையான சோதனை இந்த ஆண்டு வந்தது. ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய முறை. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன் பிறகு வண்டியைக் காட்டி, தகுதி பார்த்து, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. அதற்குப் பிறகு, 20 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு இன்னும் ஏறிவிட்டது. "காயலான் கடைக்குப் போட்டுவிடலாம்" என்றார் என் கணவர். மாமியார் பதில் பேசவில்லை. அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் நான் நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் கிழ மெக்கானிக்கிடம் போனேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"அம்மா, எஞ்சின் திடமாக இருக்கிறது. ரப்பரைத்தான் கவனிக்கவில்லை" என்றார்.

அவர் சொன்னது நியாயம். அந்தக் காலத்துப் பெட்ரோல் வேறு, இந்தக் காலத்துப் பெட்ரோல் வேறு. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் நின்றது. ஈயத்தை நம்பியிருந்த வால்வு சீட்டுகளை மாமனார் அப்போதே மாற்றியிருந்தார். நோட்டில் இருக்கிறது. இப்போதோ பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பர் குழாய்களை ஊறவைத்துக் கெடுத்துவிடும், ஈரத்தையும் இழுக்கும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றினோம். டாங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்கவிடாமல், வாரம் ஒரு தரமாவது ஓட்டுகிறோம்.

அடுத்தது பிரேக். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். பிரேக் ஆயிலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் வஸ்து. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது உசிதம். நோட்டில் கடைசியாக மாற்றிய தேதியைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. மாமனார் காலமான வருஷம் அது! குழந்தையை ஏற்றிக்கொண்டு எத்தனை நாள் ஓட்டியிருக்கிறோம்! பாசத்தால் வண்டியை வைத்துக்கொண்டால் மட்டும் போதாது, வாசகியரே. பாசம் பிரேக் பிடிக்காது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்து வண்டிகளில் இருக்கும் காற்றுப் பைகள் இதில் இல்லை. ஆகையால் நெடுஞ்சாலைக்கு இதை எடுப்பதை விட்டுவிட்டோம். கோயில், கடைத்தெரு, உறவுக்காரர் வீடு - அவ்வளவுதான். இதன் உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. சாமான் வேண்டுமென்றால் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். செலவையும் கூட்டிப் பார்த்தேன். லாபம் என்று சொல்ல மாட்டேன்.

பரிசோதனை நாளன்று மாமியாரும் வந்தார். விளக்கு, ஹாரன், புகை, பிரேக் எல்லாம் பார்த்தார்கள். தேறிவிட்டது! திரும்பி வரும்போது அவர் வழக்கமான பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். ஆனந்தத்தால் என்று நினைத்தேன்.

"ஃபேன் பெல்ட் கீச்சிடுகிறது. நாளைக்கே பார்க்கச் சொல்" என்றார், கண்ணைத் திறக்காமலே.

பின் சீட்டிலிருந்த என் பத்து வயது மகள் நோட்டைப் பிரித்து, தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.