சாவி யார் பையில்?

தை பிறந்தால் காவிரிப் படுகையில் அறுவடை மிஷின்கள் இரவிலும் விளக்குப் போட்டுக்கொண்டு ஓடும். வாடகை மணிக்கணக்கு. மழை வருமுன் அறுத்துவிட வேண்டுமென்று வயல்காரர் நிற்பார். அடுத்த வயல்காரர் வரப்பிலேயே காத்திருப்பார். அந்நேரம் பார்த்துச் சாய்ந்து கிடந்த ஈரக் கதிர் மிஷினின் வாயில் சிக்கும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, உதவியாள் குதித்திறங்கி வைக்கோலைப் பிடுங்குவார். அடைப்பு எடுக்கையில், கிரீஸ் வைக்கையில், பெல்ட் மாற்றுகையில் இப்படித்தான் விரல்களும் கைகளும் போகின்றன.

எந்திரத்தின் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காது. டிராக்டரிலிருந்து ரோட்டவேட்டருக்கு விசை கொடுக்கும் தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும்; நொடிக்கு 9. லுங்கி முனையோ தோள் துண்டோ அதில் பட்டால், கத்துவதற்குள் ஆளையே இழுத்துவிடும். அறுவடை மிஷினில் இன்ஜினை நிறுத்தினாலும் ஆபத்து முழுதாக விலகாது. இறுகிக் கிடந்த வைக்கோல் விடுபடும்போது கத்தி திடீரென்று ஒரு சுற்றுச் சுற்றலாம். தூக்கி நிறுத்திய வெட்டும் பகுதியைத் தாங்குவது எண்ணெய் அழுத்தம் மட்டுமே. குழாய் வெடித்தால் அடியில் படுத்திருப்பவர் மேல் அது இறங்கும். பூட்டுத் தாங்கி போடாமல் யாரும் அடியில் போகக் கூடாது.

கதிரடிக்கும் எந்திரங்கள் கைகளைப் பறித்ததால்தான் 1983-இல் அபாயகரமான எந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும் டிராக்டர் போன்ற விசை எந்திரங்களோடு பண்ணையில் உழைப்பவரைத் தன் அட்டவணையில் சேர்த்திருந்தது. ஆனால் சீசனுக்கு வந்துபோகும் உதவியாளின் பெயர் எந்த ஏட்டிலும் இருப்பதில்லை. கை போன பிறகு அவர் யாரிடம் வேலை பார்த்தார் என்பதையே நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

விரல் துண்டானால் காயத்தை அழுத்திக் கட்டி 108-ஐ அழையுங்கள். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் மூடி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது.

அந்த நிலை வராமலிருக்க, அடைப்பு எடுக்க இறங்குபவர் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே இறங்க வேண்டும். அதற்கு வயல்காரரும் மனசு வைக்க வேண்டும். மிஷின் நின்ற நிமிடங்களை வாடகையில் கழிப்போம் என்றால், டிரைவர் நிறுத்தத் தயங்குவார். அடைப்பு எடுக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று மிஷின் வயலில் இறங்குமுன்பே பேசி முடியுங்கள். சாவியைத் திருப்ப அவருக்குத் தைரியம் வரும்.