இருதயத்துக்கு ஆஸ்பிரின்: யாருக்கு, எப்போது?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் கிளென்டேல் என்னும் ஊரில் வைத்தியம் பார்த்துவந்த லாரன்ஸ் கிரேவன், தொண்டைச் சதையை அறுத்தெடுத்த பின் வலி தணிவதற்காக ஆஸ்பிரின் கலந்த சூயிங்கத்தை அளவுக்கு மீறி மென்றவர்களுக்கு ரத்தம் எளிதில் நிற்காமற் போவதைக் கண்டு, ரத்தத்தை உறையவொட்டாத இம்மருந்து இருதய ரத்தக் குழாயில் உறைகட்டி அடைப்பதையும் தடுக்குமல்லவா என்று சிந்தித்தார். 1950 முதல் அவர் வெளியிட்ட கட்டுரைகளைப் பெரிய வைத்தியர்கள் பொருட்படுத்தவில்லை. மருந்து உண்ணாதவர்களோடு ஒப்பிட்டுப் பாராதது அவருடைய ஆராய்ச்சியின் குறைதான். எனினும் அந்தக் கூரிய பார்வை போற்றுதற்குரியது.

ரத்தத்திலுள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்குத் துணைசெய்யும் ரசாயனப் பொருளை ஆக்கித்தரும் நொதியை ஆஸ்பிரின் நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லாமையால் அந்த நொதியைப் புதிதாக உண்டாக்கிக்கொள்ள மாட்டாமல், தன் ஆயுட்காலமாகிய 7 முதல் 10 நாட்கள் வரை அது செயலிழந்தே திரிகிறது. நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் என்ற சொற்ப அளவே போதுமானதாயிருப்பதன் ரகசியம் இதுவே. இதற்கு அடிப்படையான உண்மையை 1971-இல் வெளிப்படுத்திய ஜான் வேன், 1982-இல் நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

1988-இல் வெளியான, மாரடைப்பு நோயாளிகள் 17,187 பேர் பங்குகொண்ட சர்வதேச ஆராய்ச்சியில், ஒரு மாத காலம் தினந்தோறும் ஆஸ்பிரின் பெற்றவர்களிடையே, இருதய, ரத்தக் குழாய் நோய்களால் நேரும் மரணம் ஐந்து வாரங்களுக்குள் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது. மாரடைப்பு என்று ஐயுற்றவுடன் மாத்திரையை மென்று விழுங்கச் சொல்வது, அது விரைந்து ரத்தத்தில் கலக்கவேண்டும் என்பதற்காகத்தான்.

ஆனால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் அதே குணம், இரைப்பையிலும் மூளையிலும் ரத்தக் கசிவை விளைவிக்கவும் வல்லது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இருதய நோயில்லாத முதியோர் 19,114 பேரிடம் நடந்து 2018-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், தினம் 100 மில்லிகிராம் உண்டவர்களுக்கு இருதய நோய் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை; ரத்தக் கசிவோ அதிகரித்தது. ஆகவே, நோய் வந்தவருக்கு உயிர்காக்கும் துணையான ஒன்றை, நோயில்லாத பெரியவர் அண்டை வீட்டாரின் பேச்சைக் கேட்டுத் தினமும் விழுங்குவது பிரயோஜனத்தைவிட அபாயத்தையே அதிகம் தரும்.

மாரடைப்பு வந்து தேறியவர்களும் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களும், நலமாயிருக்கிறோம் என்று எண்ணித் தாமாகவே இம்மாத்திரையை நிறுத்திவிடலாகாது. தொடங்குவதாயினும் நிறுத்துவதாயினும், அன்புகூர்ந்து வைத்தியரைக் கேட்டே செய்யுங்கள்.