எழுத்தில்லாப் புத்தகம்: பிள்ளைகள் கையில் என்ன கொடுத்து அனுப்புகிறோம்?

போன பகுதியைக் கேட்ட ஒரு சகோதரி ஒரு கேள்வி அனுப்பியிருந்தாங்க. அவங்க ஞாயிறு பள்ளி ஆசிரியை. “மே மாத வி.பி.எஸ்.ஸுக்கு 200 பிள்ளைகள் வருவாங்க. பாதிப் பேர் சபைக்கு வராத வீட்டுப் பிள்ளைகள். கையில் கொடுத்தனுப்ப ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கணும். எழுத்தில்லாப் புத்தகம் போதுமா, இல்ல கதையோட இருக்கிற கைப்பிரதி வேணுமா?” இதுதான் கேள்வி.

இந்தப் பகுதி முழுக்க அதைப் பற்றித்தான் பேசப்போறோம்.

முதல்ல, எழுத்தில்லாப் புத்தகம் என்றால் என்னவென்று தெரியாதவங்களுக்காக: அதில் ஒரு வார்த்தைகூட அச்சடித்திருக்காது. நிறங்கள் மட்டும்தான். பொன், கறுப்பு, சிவப்பு, வெள்ளை, அட்டை பச்சை. பொன் பக்கம் தேவனுடைய அன்பையும் பரலோகத்தையும் சொல்லும். கறுப்பு பாவம், சிவப்பு இயேசுவின் இரத்தம், வெள்ளை மன்னிப்பு, பச்சை விசுவாசத்தில் வளர்வது. பக்கத்தைத் திருப்பத் திருப்ப ஆசிரியர் பேசுவார். வி.பி.எஸ். போன பலருக்கும் இது ஞாபகம் இருக்கும். மணி கோத்த கயிறாகவும், கையுறையாகவும்கூட இது வந்துவிட்டது.

இது எங்கே ஆரம்பித்தது என்று பார்த்தால் ஒரு ஆச்சரியம் இருக்கு. 1866 ஜனவரி 11 அன்று, லண்டன் மெட்ரோபாலிட்டன் டேபர்நாகிள் சபையில் சார்லஸ் ஸ்பர்ஜன் ஒரு பிரசங்கம் செய்தார். ஆதார வசனம் சங்கீதம் 51:7, தாவீது தன்னைக் கழுவும்படி கேட்கிற இடம். அதில் அவர் ஒரு வயதான ஊழியரைப் பற்றிச் சொல்கிறார். அந்தப் பெரியவர் மூன்றே தாள்களைச் சேர்த்து ஒரு புத்தகமாக வைத்திருந்தாராம்: ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. அடிக்கடி அதை எடுத்துப் பார்ப்பாராம். யாருக்காக? தனக்காக. தான் யார், தனக்கு என்ன செய்யப்பட்டது என்பதை மறந்துவிடாமல் இருப்பதற்காக.

கவனிச்சீங்களா? பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காக அந்த மனுஷர் அதைச் செய்யவில்லை. 1875இல் டி. எல். மூடி லிவர்பூலில் பிள்ளைகள் கூட்டத்தில் பேசியபோதுதான் பொன் நிறம் சேர்ந்து நான்கு நிறமானது. பச்சை அதற்கும் வெகு காலம் கழித்து வந்தது. ஜெஸ்ஸி ஓவர்ஹோல்ட்சர் 1937இல் அமெரிக்காவில் தொடங்கிய சிறுவர் நற்செய்தி ஊழியம் வழியாக அது உலகமெங்கும் பரவியது. வரிசையும் இடையில் மாறிவிட்டது. ஸ்பர்ஜன் சொன்ன புத்தகத்தின் முதல் தாள் கறுப்பு. இன்று நாம் பொன் பக்கத்தில் ஆரம்பிக்கிறோம். என் கணிப்பில் இது நல்ல மாற்றம். உன்னை உண்டாக்கினவர் உன்னை நேசிக்கிறார் என்று ஒரு பிள்ளை முதலில் கேட்கட்டும். “நீ பாவி” என்று முகம் தெரியாத ஒருவர் சொல்லி ஆரம்பித்தால், எந்தப் பிள்ளைக்குத்தான் அடுத்த பக்கத்தைத் திருப்பத் தோன்றும்?

நம்ம ஊருக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1895இல் இந்தியாவுக்கு வந்து, திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், மாட்டு வண்டியில் கிராமங்களுக்குப் போகும்போது இந்த நிறங்களில் தைத்த ஒரு சாட்டின் கொடியை வைத்திருந்தார். துணியாலான எழுத்தில்லாப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்திருந்த ஊர்களில் அது எவ்வளவு பிரயோஜனமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனா அதே ஏமி அம்மையாரின் சிறு வயதுக் கதை ஒன்று இருக்கு. நாம் எல்லோரும் ஞாயிறு பள்ளியில் கேட்டதுதான். அயர்லாந்தில் குழந்தையாக இருந்தபோது, தன் பழுப்புக் கண்கள் நீலமாக மாற வேண்டும் என்று ஜெபித்துப் படுத்தார். காலையில் கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண்கள். பிற்பாடு சேலை கட்டி இந்த மக்கள் நடுவே வாழ்ந்தபோதுதான் அந்தக் கண்களின் அருமை அவருக்குத் தெரிந்தது. இந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டிவிட்டு, அடுத்த நிமிஷமே கறுப்புப் பக்கத்தைத் தூக்கிக் காட்டி “இதுதான் பாவத்தின் நிறம்” என்று சொல்கிறோமே, அங்கேதான் எனக்கு நெருடுகிறது.

நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். வீட்டில் “கறுப்பி” என்று கூப்பிடப்படுகிற பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கும். நிறத்தைக் காரணம் காட்டி ஆண்டு விழா நடனத்தில் பின் வரிசைக்குத் தள்ளப்பட்ட பிள்ளை இருக்கும். அதன் முன்னால் கறுப்பு என்றால் அழுக்கு, வெள்ளை என்றால் சுத்தம் என்று நிறங்களை வைத்துப் பாடம் எடுக்கிறோம். நாம் இருதயத்தைப் பற்றித்தான் பேசுகிறோம், அது நமக்குத் தெரியும். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியுமா? அது தன் கையைப் பார்க்கும், பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் கையைப் பார்க்கும். இயேசு என்னை வெள்ளையாக்குவார் என்று அது நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், நாம் கொடுத்தனுப்பியது சுவிசேஷம் இல்லை.

வேதத்திலேயே இதற்கு வழி இருக்கு. ஏசாயா 1:18ஐ எடுத்துப் பாருங்கள். அங்கே பாவத்துக்குச் சொல்லப்பட்ட நிறம் கறுப்பே இல்லை, சிவப்பு. உன்னதப்பாட்டு 1:5இல் மணவாட்டி தன் கறுப்பு நிறத்தையும் அழகையும் ஒரே மூச்சில் சொல்கிறாள். 1 யோவான் 1:5 பேசுவது நிறத்தைப் பற்றி அல்ல, ஒளியையும் இருளையும் பற்றி. அதனால் அந்தப் பக்கத்தை “இருட்டுப் பக்கம்” என்று சொல்லுங்கள். கரண்ட் போன ராத்திரி எந்தப் பிள்ளைக்கும் தெரியும். இருட்டில் வழி தெரியாது, பக்கத்தில் அம்மா நின்றாலும் முகம் தெரியாது. பாவம் நம்மைத் தேவனிடமிருந்து பிரிக்கிறது என்பதைச் சொல்ல இதைவிட நல்ல உவமை வேண்டுமா? வெளிநாடுகளில் வருகிற பிரதிகளிலும் இப்போது இருள், சுத்தம் என்றே சொல்லப் பழகியிருக்கிறார்கள். வெள்ளைப் பக்கத்தையும் “சுத்தமான பக்கம்” என்று சொல்லலாம். நம் ஊரில் வெள்ளைச் சேலைக்கு வேறு அர்த்தமும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். பாட்டி அதைத்தான் உடுத்தியிருக்கலாம்.

சிவப்புப் பக்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கு. “இயேசுவின் இரத்தம் நம்மைக் கழுவுகிறது.” நமக்குப் பழகிய வாக்கியம். சபைக்கு வராத பிள்ளை அதை முதல் தடவை கேட்கும்போது என்ன நினைக்கும்? இரத்தம் பட்டால் சட்டை கறையாகும், அம்மா திட்டுவாங்க. இரத்தம் எப்படிக் கழுவும்? நியாயமான கேள்விதானே. அதனால் முதலில் நடந்ததைச் சொல்லுங்கள். இயேசு யார், அவர் யாரைத் தொட்டுச் சுகமாக்கினார், ஏன் அவரைச் சிலுவையில் அறைந்தார்கள், நமக்காக அவர் எப்படி உயிரைக் கொடுத்தார், மூன்றாம் நாள் என்ன நடந்தது. நம்மில் பலர் அவசரத்தில் சிலுவையோடு நிறுத்திவிட்டு வெள்ளைப் பக்கத்துக்குத் தாவிவிடுகிறோம். எழுத்தில்லாப் புத்தகத்தில் உயிர்த்தெழுதலுக்கென்று தனி நிறம் கிடையாது. நாம் வாயால் சொன்னால்தான் உண்டு.

இப்போ சகோதரியின் கேள்விக்கு வருவோம். எழுத்தில்லாப் புத்தகம் போதுமா? ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது போதும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பப் போதாது. பேசுகிறவர் இல்லாவிட்டால் அது வெறும் கலர் பேப்பர். வீட்டுக்குப் போகிறதில் எழுத்து வேண்டும், அதுவும் அம்மா அப்பா படிப்பார்கள் என்று நினைத்தே எழுத வேண்டும்.

இது புதிய விஷயம் இல்லை. 1540களில் முத்துக்குளித்துறையில் பிரான்சிஸ் சவேரியார் தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் ஜெபங்களைச் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் சொல்லும்படி அனுப்பினார். பிறகு 1578இல் கொல்லத்தில் அண்டிறீக் பாதிரியார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ வெறும் 16 பக்கம். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அதுவே விசுவாசத்தின் அடிப்படையைச் சொல்லிக்கொடுக்கிற ஒரு சின்னப் புத்தகம்தான். 1529இல் மார்ட்டின் லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசமும் வீட்டில் குடும்பத் தலைவர் கேள்வி கேட்க, பிள்ளைகள் பதில் சொல்லும்படி அமைந்தது. பிள்ளைக்கான சின்னப் புத்தகம் எப்போதுமே ஒரு வீட்டுக்குள் போகிற புத்தகம்.

அதனால் மறைத்துக் கொடுக்கிற வேலையே வேண்டாம். “வீட்டில் காட்டாதே” என்று சொல்லித் தரவேண்டிய பிரதி என்றால் அதை அச்சடிக்காதீர்கள். வி.பி.எஸ். நடக்கப்போகிறது, அதில் வேதாகமக் கதை சொல்வோம் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்குங்கள். அங்கீகாரம் பெற்ற பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சிறு பிள்ளைகள் மதப் போதனையில் பங்கெடுக்கப் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் 28(3) சொல்கிறது. அது பள்ளிக்கான சட்டம். ஆனா சபை வளாகத்திலும் அந்த மரியாதையைக் காட்டுவதில் நமக்கு என்ன நஷ்டம்? அதேபோல, பிரதியோடு பென்சில் பாக்ஸ், சாக்லேட் என்று சேர்த்துக் கொடுத்துவிட்டு “இயேசுவை ஏற்றுக்கொள்கிறாயா?” என்று கேட்காதீர்கள். பரிசு தர ஆசையா? வந்த எல்லாருக்கும் கடைசி நாளில் கொடுங்கள். எந்தப் பதிலோடும் அதை முடிச்சுப் போடாதீர்கள்.

அச்சடிக்கிற விஷயத்தில் செலவு குறைந்த வழி சொல்றேன். ஒரு ஏ4 தாள் போதும். அதை எட்டாக மடித்து, நடுவில் மட்டும் ஒரு கோடு வெட்டி, திருப்பி மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம் வந்துவிடும். பின் அடிக்க வேண்டாம், ஒட்ட வேண்டாம். சின்னப் பிள்ளைகள் கையில் ஸ்டேபிள் பின் இல்லாமல் இருப்பதே நிம்மதி. ஒரு பக்கம் மட்டும் ஜெராக்ஸ் எடுத்தால் போதும். மடிப்பதைப் பிள்ளைகளே செய்யட்டும். தான் மடித்த புத்தகத்தைப் பிள்ளை எளிதில் தூக்கிப் போடாது. பக்கம் உள்ளங்கை அளவுதான், அதனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு வாக்கியம், பெரிய எழுத்து. படத்தை வெறும் கோடாக விடுங்கள், அவங்க கலர் அடிப்பாங்க.

வார்த்தைகளில் கவனம் தேவை. “இரட்சிப்பு”, “கிருபை”, “மீட்பு” எல்லாம் நமக்கு மூச்சு மாதிரி. வெளியிலிருந்து வருகிற பிள்ளைக்கு அப்படி இல்லை. காப்பாற்றினார், மன்னித்தார், திரும்ப வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார் என்று எழுதுங்கள். எட்டுப் பக்கத்தில் மொத்த உபதேசத்தையும் அடைக்கப் பார்க்காதீர்கள். காணாமற்போன ஆடு, லூக்கா 15. அந்த ஒரு கதை போதும்.

கடைசிப் பக்கம். பெரும்பாலும் அங்கே ஒரு ஜெபமும், அதன் கீழே பெயர், தேதி எழுதக் கோடும் இருக்கும். நான் அந்தக் கோட்டை வைக்க மாட்டேன். இது என் சொந்தக் கருத்து, மாறுபடுகிற நல்ல ஊழியர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் பெரியவங்களைச் சந்தோஷப்படுத்த எதையும் சொல்வாங்க. அக்கா கேட்டா கை தூக்குவாங்க, பக்கத்துப் பிள்ளை தூக்கினா இவங்களும் தூக்குவாங்க. அந்தக் கைகளை எண்ணி “இத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள்” என்று அறிக்கை எழுதுவதில் எனக்குச் சமாதானம் இல்லை. கை தூக்காத பிள்ளை பயந்துகொண்டு வீட்டுக்குப் போகவும் கூடாது. ஜெபத்தை அச்சிடுங்கள், தப்பில்லை. ஆனா அதன் கீழே கோட்டுக்குப் பதிலாக “உனக்கு என்ன கேட்கணும்?” என்று போட்டு, பாதிப் பக்கம் காலியாக விடுங்கள். அடுத்த நாள் வரும்போது எழுதிக்கொண்டு வரட்டும், எழுதத் தெரியாதவங்க வரையட்டும்.

அப்போ கேள்விகள் வரும். “எங்க தாத்தா இயேசுவைக் கும்பிடல, அவர் எங்க போனாரு?” என்று ஒரு பிள்ளை கேட்கும், கட்டாயம் கேட்கும். அதற்கு மைக்கில் நின்று பதில் சொல்ல முடியாது. 200 பிள்ளைகளுக்கு எத்தனை ஆசிரியர்கள் இருக்கீங்க, அந்தப் பிள்ளையோடு பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேச ஆள் இருக்கா என்பதை, அச்சகத்துக்குப் போவதற்கு முன்னால் எண்ணிப் பாருங்க சகோதரி.