கொங்கிரீட்டுக்கு எந்த ட்ரில்?

எமது ஹாட்வெயார் கடைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வொட்?" என்பதைத்தான். வொட் என்பது மோட்டார் இழுக்கும் மின்சக்தி. கொங்கிரீட்டைத் துளைப்பதோ அடியின் பலம். அது ஜூல் கணக்கில் குறிக்கப்படும். ஜூல் குறிக்காத மெஷினை நான் வாங்கிப் போடுவதில்லை.

சாதாரண இம்பெக்ட் ட்ரில்லில் இரண்டு பல் தட்டுகள் உரசி அதிர்கின்றன. செங்கல் சுவருக்கு அது தாராளம். ரோட்டரி ஹெமரில் பிஸ்டன் காற்றை அமுக்க, அந்த அமுக்கம் பிட்டின் தலையில் அடியாக இறங்குகிறது. கொங்கிரீட், கருங்கல் என்றால் இதுதான். 6 முதல் 16 மி.மீ. துளைகளுக்கு 2, 3 ஜூல் உள்ள எஸ்.டி.எஸ். பிளஸ் போதும். தூண் உடைப்பவருக்கு எஸ்.டி.எஸ். மெக்ஸ் வேண்டும். முன்னதில் பிட்டின் பிடிமுனை 10 மி.மீ., பின்னதில் 18 மி.மீ.; ஒன்றின் பிட் மற்றதற்குப் பொருந்தாது. வேலை என்னவென்று கேட்காமல் சிறியதைக் கட்டிக்கொடுத்தால், மோட்டார் எரிந்ததும் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

பாவிக்கும் முறையையும் சொல்லிக்கொடுங்கள். மேசன்மார் பலர் உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்துகிறார்கள். அதனால் அடி குறையும், மெஷின் சூடேறும். பிடிமுனையில் சிறிது கிரீஸ் பூச வேண்டும். இடைக்கிடை பிட்டை இழுத்துத் தூளை அகற்ற வேண்டும். டைல்ஸ் என்றால் அடியை நிறுத்திவிட்டு, சுற்று மட்டும்.