யாருடைய பாட்டில், உள்ளே என்ன?

பெங்களூரில் எங்கள் மருத்துவமனைக்கு மழைக்காலத்துத் திங்கள், செவ்வாய்க் கிழமைகளில் வயிற்றுப்போக்கோடு வருபவர்களில் சைக்கிள் ஓட்டுபவர்கள் இப்போதெல்லாம் தவறாமல் இருக்கிறார்கள். நந்தி மலை, ஹெசரகட்டா, துரஹள்ளிக் காடு என்று வார இறுதியில் விடியும் முன்பே கூட்டமாகக் கிளம்பிப் போனவர்கள். உடம்பைப் பேணுகிறவர்கள்தான், ஆனால் வந்து சேர்வது மிகத் தாமதமாக. நாக்கு வறண்டு, எழுந்து நின்றாலே தலை சுற்றும் நிலையில் வருகிறார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்றால் வழியில் தின்ற இட்லி வரை சொல்வார்கள். தண்ணீர் பாட்டிலைப் பற்றி நானாகக் கேட்டால்தான் உண்டு.

வாய் வைக்கும் இடம்

சைக்கிள் பாட்டில் இருப்பது முன்சக்கரத்துக்குப் பின்னால். மழைநாளில் சக்கரம் வாரி இறைக்கும் சாணியும் சாக்கடையும் கலந்த சேறு நேராக அதன் மூடியில் போய் ஒட்டுகிறது. அதைத்தான் உதட்டில் வைத்து உறிஞ்சுகிறோம். 2008 ஜூலையில் வேல்ஸில் உள்ள பில்த் வெல்ஸ் என்ற ஊரில் நடந்த மலைச் சைக்கிள் போட்டிக்குப் பிறகு, ஓட்டியவர்களிடையே கேம்பைலோபேக்டர் கிருமியால் வயிற்றுப்போக்கு பரவியது. ஆட்டுப் புழுக்கை கலந்த சேறு வாய்க்குள் போனதே காரணம் என்று விசாரணை காட்டியது. நம் சாலைச் சேறு அதைவிடச் சுத்தமானதல்ல.

ஆகவே பாட்டில் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், மூடியைப் பாருங்கள். உறிஞ்சுகுழாயின் மேல் தனியாக ஒரு தொப்பி இருக்க வேண்டும். வால்வைக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும். கை நுழையும் அளவு வாய் அகலமாக இருக்க வேண்டும். சர்க்கரைப் பானம் ஊற்றி ஒரு நாள் மறந்துவிட்டால் வால்வுக்குள் கறுப்பாகப் பூஞ்சை படியும், அது வெளியே தெரியாது.

மருந்துக்கடை வைத்தியம்

பேதி தொடங்கியதும் கடையில் கேட்டு ஒரு ஆன்டிபயாட்டிக், போக்கை நிறுத்த லோப்பரமைடு, கால்வலிக்கு டைக்ளோஃபெனாக். இந்த மூன்றையும் சேர்த்து விழுங்கிவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது. நீர் வற்றிய உடம்பில் வலிமாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருக்கும்போது போக்கை மட்டும் கட்டி நிறுத்துவது கிருமியை உள்ளே அடைத்து வைப்பது. வந்தால் நாங்கள் பார்ப்பது ரத்தத்தில் உப்புகள், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின், தேவைப்பட்டால் மலப் பரிசோதனை. அவ்வளவுதான்.

கேட்டுக் கேட்டு அலுத்த நம்பிக்கைகள்

செம்பு பாட்டில் எல்லாவற்றுக்கும் நல்லது என்கிறார்கள். வெறும் தண்ணீருக்கு அதில் உண்மை இருக்கிறது. செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் காலரா, ஷிகெல்லா உள்ளிட்ட கிருமிகள் அழிந்ததை இதே பெங்களூரில், ஆயுர்வேத ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவன ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆனால் நீங்கள் ஊற்றுவது எலுமிச்சைச் சாறும் மோரும். புளிப்பு பட்டால் செம்பு கரைந்து இறங்கும், குமட்டி வாந்தி வரும். அதை வெயிலின் வேலை என்று எண்ணி அதே பாட்டிலில் இன்னும் நாலு வாய் குடிக்கிறார்கள். போதாததற்கு, வீட்டுச் செம்பு பாட்டில் சைக்கிள் கூண்டில் சரியாக உட்காராது. எடுக்கச் சிரமப்பட்டே குடிக்காமல் ஓட்டுகிறார்கள்.

பெங்களூர் குளிர்ந்த ஊர், தாகமே எடுப்பதில்லை என்பார்கள். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலிருக்கும் ஊரில் கோடையின் உலர்ந்த காற்று வியர்வையை உடனே உறிஞ்சிவிடுகிறது, சட்டை நனையாததால் இழப்பு தெரிவதில்லை. நந்தியிலிருந்து பள்ளாரி சாலையில் திரும்பும்போது வெயில் ஏறியிருக்கும். 2016 ஏப்ரலில் இதே ஊர் 39.2 டிகிரி செல்சியஸ் கண்டது.

இதைக் கேட்டுவிட்டு மடமடவென்று குடிப்பவர்களும் உண்டு. அதுவும் ஆபத்து. 2002 பாஸ்டன் மராத்தானில் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்து, ஓடும்போதே எடை கூடியவர்களிடம் இது மிகுதி. ஓட்டும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் இழந்திருக்கிறீர்கள். எடை கூடியிருந்தால் அடுத்த முறை குறைத்துக் குடியுங்கள்.

அடுத்தது ஓ.ஆர்.எஸ். உலக சுகாதார நிறுவன அளவில் செய்த ஒரு பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. சைக்கிள் பாட்டிலோ பெரும்பாலும் 600 அல்லது 750 மில்லி. முழுப் பாக்கெட்டையும் அதில் கொட்டினால் கரைசல் அடர்த்தியாகிப் பேதி கூடும். வீட்டிலேயே ஒரு லிட்டர் கரைத்து, அதிலிருந்து ஊற்றிக்கொள்ளுங்கள். இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை ஒட்டிக்கொண்டு விற்றதை 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பெயர் எழுதுங்கள்

கூட்டமாகப் போகும்போது எல்லோரிடமும் ஒரே கடையில் வாங்கிய, ஒரே மாதிரி பாட்டில்கள். டீக்கடை வாசலில் மாறிப்போகும். ஒருவர் எச்சில் இன்னொருவருக்குப் போனால் சளிக்காய்ச்சல், பொன்னுக்குவீங்கி எல்லாம் கூடவே போகும். பெயரை மூடியில் எழுதாதீர்கள், மூடிகள்தான் முதலில் மாறும். பாட்டிலின் உடலில் அழியாத மையால் எழுதுங்கள்.

அதைவிட முக்கியம், உள்ளே இருப்பதன் பெயர். இரண்டு பாட்டில் எடுத்துப்போனால் ஒன்றில் ‘தண்ணீர்’, மற்றதில் ‘சர்க்கரை’ என்று பெரிதாக எழுதுங்கள். இன்சுலின் போடும் ஒருவர் சர்க்கரை இறங்கி மயங்கும் நிலைக்கு வந்தால், விழுங்கும் நினைவு இருக்கும்போதே நண்பர் கையில் சரியான பாட்டில் கிடைக்க வேண்டும். விழுந்து முழங்கால் கிழிந்தவருக்குக் காயம் கழுவ வெறும் தண்ணீர் வேண்டும்.

பழைய பாட்டில்

இதை மட்டும் காலில் விழுந்து கேட்கிறேன். செயின் துடைக்க மண்ணெண்ணெயையோ டீசலையோ பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைக்கு அது அப்பாவின் தண்ணீர் பாட்டில், எடுத்துக் குடித்துவிடும். அப்படி நடந்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியின்போது அது நுரையீரலுக்குள் இறங்கினால் கடுமையான நிமோனியா வரும். பால், முட்டை என்று எதையும் ஊட்டிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். அந்தப் பாட்டிலையும் கையோடு கொண்டுவாருங்கள், உள்ளே என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.